மார்க்குப்படி மாத்திரை

"ஒரே ஒரு அட்டைதானே கீது, அத்த எங்கிட்ட குடுத்துட்டா இன்னா கொறஞ்சிடும்?"

"எம் பொண்ணுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது அது. உம் புள்ளைக்கு இன்னா சீக்கு?"

"சீக்கா? வாயக் கழுவு. எம் புள்ள ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு!"

"அப்ப இன்னாத்துக்கு மாத்திரை?"

"ஸ்டேட் ஃபர்ஸ்ட்டு வர்றதுக்கு! எங்ககிட்டயும் டாக்டர் சீட்டு கீது, தெரியுமா?"

"கண்ணு டாக்டர் சீட்டு! அத்த எடுத்துக்கினு போயி கண்ணாடிக் கடையில நீட்டு!"

திண்டிவனத்தில் சவுரிராயன் மருந்துக்கடை வாசலில், 2012ஆம் வருடம் பொங்கல் கழிந்த மறுவாரம், காலை ஒன்பதரை மணிக்கு நடந்தது இது. கரண்ட் போயிருந்ததால் பேசியதெல்லாம் எதிர்ச்சாரி வரை துல்லியமாகக் கேட்டது. முதலில் கேட்டவர் அரிபிரசாத்தின் அம்மா. அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. மகன் பத்தாவதில் பள்ளி முதல் மாணவனாக வந்த நாளிலிருந்து அதை ஊரும் மறந்தது, அவரும் மறந்தார். பதில் சொன்னவர் எங்கள் தெருக்கோடி வீட்டு அம்சவள்ளி, பெயிண்டர் விருத்தாசலத்தின் மனைவி. இடையில் மாட்டிக்கொண்ட சவுரிராயன் மாதாவை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். மாதா வரவில்லை. சண்டை முடிந்து இருவரும் கவுன்டரைப் பார்த்தபோது அட்டையையும் காணோம். பள்ளிக்கூட வேன் டிரைவர் தேவா பின்வாசல் வழியாக வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தான்.

அந்த மாத்திரைக்குக் கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாது. ஊரில் அதற்குக் கவன மாத்திரை என்று பெயர். அது முதன்முதலில் எங்கள் தெருவுக்கு வந்தது அம்சவள்ளியின் மகள் தமிழ்மொழிக்காகத்தான்.

தமிழ்மொழி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு. தயிர் வாங்க அனுப்பினால் தயிரில்லாமல் வருவாள். ஆனால் பஸ் நிலையத்தில் பல்பொடி விற்றவன் என்னென்ன சொன்னான் என்பதை ஒரு வரி விடாமல் சொல்லுவாள். ஒரு முறை ரயிலடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்தே வீடு வந்து, சைக்கிள் திருடு போய்விட்டது என்று விருத்தாசலம் போலீசில் எழுதிக்கொடுக்கும் அளவுக்கு அழுதாள். அந்த வருடம் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா அவளோடு நான்கு நாள், நாளுக்கு ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசி, இது கவனக் குறைபாடு, மூளையில் உள்ளது, மருந்து உண்டு என்று சொன்னார். புருஷனும் பெண்சாதியும் சிரித்த முகமாகத் திரும்பி வந்ததை நாங்களே பார்த்தோம். அதுவரை அந்த நோய்க்குப் பள்ளிக்கூடத்தில் திமிர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"தலைக்குள்ள பத்து ரேடியோ பாடிக்கினே இருக்கும்க்கா" என்று அவளே விளக்கினாள். "மாத்திரை போட்டா ஒம்பது நின்னுடும். மிச்சம் ஒண்ணை நான் கேட்டுக்குவேன்."

ஒன்பது ரேடியோ நின்றதில் நானூற்றுப் பத்து வாங்கிக்கொண்டிருந்தவள் அரையாண்டில் அறுநூற்று நாற்பது வாங்கினாள். ஆபத்து அங்கேதான் தொடங்கியது.

அவள் படித்தது ஏகாக்ரா மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி. சுவரெல்லாம் 'கவனம் சிதறேல்' என்று எழுதியவர் விருத்தாசலம். அந்தக் கூலியைக் கழித்துக்கொள்வதாகப் பேசித்தான் மகளுக்கு இடம் வாங்கியிருந்தார். தாளாளர் கோதண்டபாணி முன்பு அதே கட்டடத்தில் அரிசி ஆலை வைத்திருந்தார். அப்போது அங்கே அரிசியில் கல் பொறுக்குவார்கள். பள்ளிக்கூடம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வருடா வருடம் பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு வைத்து, அறுநூறுக்குக் கீழே வாங்கிய பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, கையில் டி.சி.யைக் கொடுத்து வெளியே போட்டுவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் தனித்தேர்வர்களாக எங்காவது எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மார்ச்சில் மிஞ்சியிருப்பதெல்லாம் பொன்னி அரிசி. பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி.

அம்சவள்ளியின் கவலையெல்லாம் அந்த அறுநூறுதான். மாத்திரை இருந்தால் தமிழ்மொழி தாண்டிவிடுவாள். இல்லாவிட்டால் டி.சி.

அரையாண்டு மார்க்கைப் பார்த்துவிட்டுக் கோதண்டபாணி தமிழ்மொழியைக் கூப்பிட்டு விசாரித்தார். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கவனம் வேண்டும். அவள் மாத்திரை விஷயத்தை அப்படியே சொல்லிவிட்டாள். உடனே அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாராம். நானூற்றுப் பத்து வாங்கியவள் இதைத் தின்று இருநூற்று முப்பது கூடுதலாக வாங்கினால், ஆயிரத்து நூற்றைம்பது வாங்குகிற அரிபிரசாத் தின்றால் ஆயிரத்து முந்நூற்று எண்பது. மொத்த மார்க்கே ஆயிரத்து இருநூறுதான் சார் என்று கணக்கு வாத்தியார் நினைவூட்டினார். அடுத்த நாளிலிருந்து அவருக்கு விடுதிச் சாம்பாரை மேற்பார்வை பார்க்கும் வேலை கொடுக்கப்பட்டது. இதெல்லாம் பள்ளி அலுவலகத்தில் டைப் அடிக்கும் ஜெசிந்தா சொன்னது. எங்கள் தெரு வழியாகத்தான் அவள் வீட்டுக்குப் போவாள்.

டிசம்பர் கடைசியில் 'கவன முகாம்' நடந்தது. ரேங்க் பேட்ச் என்று தனியாகப் பிரித்து வைத்திருந்த அறுபது பிள்ளைகளையும் சோதிக்க ஓய்வுபெற்ற கண் டாக்டர் சுப்பராயலு வரவழைக்கப்பட்டார். கவனிப்பது கண்ணால்தானே என்பது கோதண்டபாணியின் வாதம். அன்றைக்கும் கரண்ட் இல்லை.

"தம்பி, மேல ஃபேன் சுத்துதா?" என்று டாக்டர் கேட்டார்.

அரிபிரசாத் அண்ணாந்து பார்த்தான். "இல்ல சார்."

"பாத்தியா? நான் இங்க உக்காந்திருக்கேன், நீ ஃபேனைப் பாக்கறே. கவனக் குறைபாடு. அடுத்தது."

அடுத்த பையன் உஷாராக, மேலே பார்க்காமல் "தெரியாது சார்" என்றான்.

"தலைக்கு மேல இருக்கறதையே கவனிக்கல. முத்தின நிலை. அடுத்தது."

இருபது நிமிடத்தில் அறுபது பேருக்கும் நோய் கண்டுபிடிக்கப்பட்டு, அறுபது சீட்டும் எழுதியாயிற்று. கடைசியாக, முகாமில் தன் சீட்டையும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று அம்மா அனுப்பியிருந்த தமிழ்மொழி போய் நின்றாள். அவள் ஜன்னலுக்கு வெளியே, நின்றிருந்த வேனின் மேல் ஒரு ஆடு எப்படி ஏறியது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மூன்று முறை கேட்டும் காதில் விழவில்லை.

"இந்தப் பொண்ணுக்கு நோய் ஒண்ணும் இல்ல" என்றார் சுப்பராயலு. "திமிர்."

பிறகு தட்டுப்பாடு வந்தது. வராமல் என்ன செய்யும்? திண்டிவனம் முழுக்க மாதத்துக்கு நான்கு அட்டை விற்ற இடத்தில் அறுபது சீட்டு போய் நின்றால்? ஏகாக்ராவில் கொடுக்கிறார்களாமே என்று மற்றப் பள்ளிப் பெற்றோரும் கிளம்பினார்கள். விழுப்புரத்தில் தீர்ந்தது, புதுச்சேரியில் தீர்ந்தது. கூட்டேரிப்பட்டு டீக்கடைகளில் பஸ்ஸுக்குக் காத்திருந்த அப்பாக்கள் முன்பின் தெரியாதவர்களிடம் "உங்க சைடுல கெடைக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மழையைக் கேட்கிறார்கள் என்று நினைத்து ஒரு விவசாயி "போன வாரம் ரெண்டு தூத்தல்" என்று சொன்னார்.

பெற்றோர் தனித்தனியாக அலைவது ஒழுங்கீனம் என்று கோதண்டபாணிக்குத் தோன்றியது. 'கவனக் குழு' ஒன்றை அமைத்தார். தலைவர் அவரே. கிடைக்கிற மாத்திரை எதுவானாலும் பள்ளியில் ஒப்படைத்துவிட வேண்டும், குழு பிரித்துக் கொடுக்கும் என்று முத்திரை குத்திய சுற்றறிக்கை போயிற்று. பிரிப்பதற்கு விதி ஒன்றே ஒன்று: மார்க்குப்படி.

மருந்துக்கடைச் சண்டைக்கு மறுநாள் அம்சவள்ளி ஆஸ்பத்திரிச் சீட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு தாளாளரைப் பார்க்கப் போனார்.

"வாங்கம்மா. பொண்ணு என்ன ரேங்க்?"

"அறுபத்தி ஏழுங்க."

"எங்ககிட்ட இருக்கற மாத்திரை நாப்பதாவது ரேங்க்கோட முடிஞ்சிடுதே."

"மார்க்கு வராததுக்குத்தாங்க டாக்டரு மாத்திரையே எழுதினாங்க."

"மார்க்கு வந்தா மாத்திரை தானா வரும்மா."

"மாத்திரை வந்தாத்தாங்க மார்க்கு வரும்."

"அதான் நானும் சொல்றேன். முதல்ல மார்க்க வாங்கச் சொல்லுங்க." அவர் கோபப்படவே இல்லை. "தப்பா நெனைக்காதீங்கம்மா. வியாதிக்காரனுக்கு மருந்து குடுக்கறது ஆஸ்பத்திரி. நான் நடத்தறது ஸ்கூலு. பசிச்சவனுக்குச் சோறு போட்டா அது தர்மம். சாப்பிட்டவனுக்கு இன்னும் போட்டாத்தான் வளர்ச்சி."

அம்சவள்ளி வெளியே வந்து, கணவர் எழுதிய 'கவனம் சிதறேல்' சுவரில் சாய்ந்து நின்றார். சுவர் புதிதாக வெள்ளையடித்திருந்ததால் முதுகெல்லாம் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்போடு விழுப்புரம் போய் ஆறு கடை ஏறி இறங்கினார். முண்டியம்பாக்கத்தில் டாக்டரம்மா தன் கைபேசியிலிருந்தே சென்னையில் இரண்டு இடத்துக்குப் பேசிப் பார்த்துவிட்டு, "வந்ததும் முதல்ல உங்களுக்குத்தாம்மா" என்றார். வரவில்லை.

வீட்டில் தமிழ்மொழிக்குப் பத்து ரேடியோவும் திரும்ப வந்துவிட்டன. புத்தகத்தைத் திறப்பாள், எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள், குழாயடியில் எதையோ பார்ப்பாள், அரை மணி கழித்து எங்கள் வீட்டுச் சேவலுக்குக் காலில் என்ன கட்டி என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். "நான் இன்னாத்துக்கு எழுந்தேன்னே தெரியலக்கா" என்று சொல்லும்போது கண்ணில் நீர் நிற்கும். அம்சவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாத புத்தகத்தில் வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டிருப்பார்.

அதே வாரம் தெருவில் இன்னொரு காட்சியும் இருந்தது. மாத்திரை தின்ற அரிபிரசாத் விடியற்காலையிலிருந்து தெருவை நடந்து அளந்துகொண்டிருந்தான். எங்கள் தெருவில் நூற்றுப் பதினெட்டு ஜன்னல் கம்பி என்று அவன் சொல்லித்தான் தெரியும். சோறு இறங்கவில்லை. இதயம் சட்டைக்கு வெளியே அடிப்பது போலிருந்தது. "ஃபோகஸ் வந்துடுச்சு" என்றார் அவன் அம்மா.

திருப்புதல் தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கோதண்டபாணி 'கல்விச் சீர்' நடத்தினார். பெண் வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதுபோலப் பெற்றோர்கள் பள்ளிக்குச் சீர் கொண்டுவர வேண்டும். மேளம், நாயனம், முன்னால் இரண்டு பூரண கும்பம். அறுபது தாய்மார்கள் பட்டுப்புடவையில் தாம்பாளம் ஏந்தி மேம்பாலத்தடியிலிருந்து நடந்து வந்தார்கள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, நடுவில் எங்கெங்கோ அலைந்து பிடித்த மாத்திரை அட்டைகள். சிலர் கோபுரமாகவும், ஒருவர் மயிலாகவும் அடுக்கியிருந்தார்கள். வரிசையின் கடைசியில், யாரும் கூப்பிடாமலே, அம்சவள்ளி. அவர் தட்டில் ஒரு தேங்காயும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் அவித்த வேர்க்கடலையும்.

தலைமை விருந்தினர் யார் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். மருந்து ஆய்வாளர் முத்துசாமி. கவன மாத்திரையைக் கள்ளத்தனமாக வாங்குகிறார்கள் என்று மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருந்தது. எழுதியது யார் என்று இதுவரை தெரியவில்லை, கையெழுத்து மட்டும் முத்துமுத்தாக இருந்ததாம். விசாரிக்க வருகிற அதிகாரியை என்ன செய்வது என்பது நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? பொன்னாடை போர்த்தினார்கள், மேடையில் உட்காரவைத்தார்கள், மைக்கைக் கொடுத்தார்கள்.

"இந்தப் பகுதியிலே ஒரு மாத்திரை முறைகேடாக விற்கப்படுவதாகப் புகார் வந்தது" என்று அவர் தொடங்கினார். "நானே நேரில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். எந்தக் கடையிலும் அந்த மாத்திரை ஒன்றுகூட இல்லை! இல்லாத பொருளை முறைகேடாக எப்படி விற்க முடியும்? ஆகவே, முறைகேடு அறவே ஒழிக்கப்பட்டது என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எதிரில் இருந்த மயிலை அவர் பாராட்டவும் செய்தார். "இதென்ன சார், பளபளன்னு?" என்று கேட்டதற்குக் கோதண்டபாணி, "கல்வி உபகரணங்கள்" என்றார்.

எல்லாத் தட்டையும் இறக்கி, பொருளை எடுத்துக்கொண்டு, வெறும் தாம்பாளங்களைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். கோதண்டபாணி வாங்கியே பழகியவர். பதிலுக்குக் கொடுக்க ஒரு வெற்றிலைகூட ஏற்பாடு செய்யவில்லை.

தன் முறை வந்தபோது அம்சவள்ளி தட்டை வாங்கவில்லை.

"இன்னாங்க இது, சீர்த்தட்டை வெறுந்தட்டா குடுக்கறீங்க?" என்று சத்தமாகவே கேட்டார். "மங்களத்துக்குக் கொண்டாந்தது. வெறுந்தட்டு திரும்பிப் போனா வூடு வெளங்குமா? அதுவும் பிள்ளைங்க பரீட்சைக்குப் போற நேரத்துல?"

நாயனம் நின்றது. அதுவரை வெறுந்தட்டை வாங்கிக்கொண்டிருந்த அம்மாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அது சரிதானே?" என்றது ஒரு குரல். அரிபிரசாத்தின் அம்மா தன் தட்டைக் கொண்டுவந்து திரும்ப மேடையிலேயே வைத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பது தட்டு மேடை ஏறியது.

"சம்பிரதாயம்னா சம்பிரதாயம்தான் சார்" என்று முத்துசாமி எழுந்தார். அவருக்கு இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த அனுபவம் இருந்தது. கைக்கு எது அகப்பட்டதோ அதை எடுத்து அம்சவள்ளியின் தட்டில் தம் கையாலேயே வைத்தார். அகப்பட்டது மயிலின் கழுத்து. ஒரு முழு அட்டை, பத்து மாத்திரை. கோதண்டபாணி வாயைத் திறப்பதற்குள் அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு. ஒரு மணிநேரம் ஊர்வலமாக வந்த சீரில் கால்வாசி பத்து நிமிடத்தில் திரும்பி நடந்தது.

திருப்புதல் தேர்வு எட்டுத் தாள். தமிழ்மொழி எட்டு மாத்திரை போட்டு எழுதினாள். அறுநூற்று ஐம்பத்தைந்து.

ரேங்க் பேட்ச் விஷயம்தான் வேறு மாதிரி ஆயிற்று. அவர்களுக்குக் கவனம் வராமலில்லை, வந்தது போகவில்லை. அரிபிரசாத் உயிரியல் தேர்வில் மூன்று மணிநேரமும் ஒரே ஒரு சிறுநீரகம் வரைந்தான். ரத்தக் குழாய்களுக்குத் தனித்தனி நிழல் கொடுத்திருந்தான். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்தும் கிடைத்தது. இன்னொரு மாணவி வினாத்தாளில் உள்ள அச்சுப் பிழைகளை மட்டும் நான்கு பக்கத்துக்குப் பட்டியல் போட்டிருந்தாள். அறுபதில் நாற்பத்தொரு பேர் அறுநூறுக்குக் கீழே. தமிழ்மொழி பள்ளியில் இருபத்தாறாவது ரேங்க்.

அம்சவள்ளி சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு திரும்பப் போனார். பொதுத்தேர்வுக்கு மாத்திரை வேண்டுமே.

"இப்ப நாப்பதுக்குள்ள வந்துட்டா சார். மார்க்குப்படின்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"அது பழைய விதிம்மா" என்றார் கோதண்டபாணி. "நேத்து குழு கூடிச்சு. மார்க்கு கொறைஞ்ச பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. பாவம், நாப்பத்தொரு பேர். அவங்களுக்கு டி.சி. விதியையும் இந்த வருஷம் நிறுத்தி வெச்சிருக்கோம்."

"இதத்தானே சார் நான் அன்னிக்கே சொன்னேன்? மார்க்கு வராதவங்களுக்குத்தான் மாத்திரைன்னு?"

"அன்னிக்கு உங்க பொண்ணுக்கு மார்க்கு வரலியேம்மா." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஆமா, அந்த அட்டையில ரெண்டு மீதி இருக்கணுமே? தேவையுள்ள பிள்ளைக்குக் குடுத்தா புண்ணியம்."

அம்சவள்ளி சொன்ன பதிலை ஜெசிந்தா எங்களிடம் சொன்னாள். அச்சில் போட முடியாது. ஆனால் ஹால் டிக்கெட்டை வாங்காமல் அவர் அந்த அறையை விட்டு வரவில்லை.

எட்டுத் தாள், இரண்டு மாத்திரை. எதற்குப் போடுவது என்று அப்பாவும் அம்மாவும் இரண்டு நாள் வாதாடினார்கள். தீர்மானித்தது தமிழ்மொழிதான். "கணக்குப் பதிவியலுக்கு ஒண்ணு, பொருளாதாரத்துக்கு ஒண்ணு. மிச்சத்த ரேடியோவோடவே எழுதறேன்."

தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அரிபிரசாத்தின் அம்மா அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே போவதா வேண்டாமா என்று அவர் செருப்பை இரண்டு முறை கழற்றிப் போட்டதைத் தெருவே பார்த்தது. பிள்ளை நான்கு நாளாகத் தூங்கவில்லை. முண்டியம்பாக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். டாக்டரம்மா போட்ட சத்தத்தில் இவருக்குக் காது அடைத்துவிட்டது.

"நாலு கீது" என்று தினத்தாளில் மடித்ததை நீட்டினார். "யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

அம்சவள்ளி வாங்கி எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார். "காப்பி போடவா?"

"வேணாம்." படி இறங்கியவர் திரும்பினார். "உம் பொண்ணு தூங்குதா? நல்லா தூங்குதா? எப்படித் தூங்க வெக்கிற?"

"கால அமுக்கி வுடுவேன். நீயும் அமுக்கி வுடு. புள்ள தானே, வெக்கப்பட மாட்டான்."

எட்டுக்கு ஆறு. மீதி இரண்டு, ஆங்கிலம் இரண்டு தாளும், அவள் ரேடியோவோடு எழுதினாள். முதல் தாளில் கடைசிப் பக்கத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பதை மணி அடித்த பிறகுதான் பார்த்தாளாம். இரண்டு தாளும் சேர்த்து இருநூற்றுக்கு எழுபது வாங்கினால் தேர்ச்சி. எழுபத்தொன்று வந்தது. மொத்தம் எழுநூற்று இரண்டு.

நாற்பத்தொரு பேரில் ஒன்பது பேர் தேறவில்லை. அந்த வருடம் பள்ளி வைத்த பேனரில் தேர்ச்சி விகிதத்தைப் போடாமல், 'கவனத்தில் நூறு சதவீதம்' என்று போட்டார்கள். அரிபிரசாத் நன்றாகத் தூங்கி எழுந்து எழுதியதில் ஆயிரத்து அறுபத்திரண்டு. டாக்டர் சீட்டு கிடைக்கவில்லை. சென்னையில் இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் வேலைக்குப் போய், கூட வேலை பார்க்கும் பெண்ணையே கட்டிக்கொண்டான். அம்மாவும் அங்கேதான். அங்கே அவரை எல்லோரும் புவனா ஆன்ட்டி என்கிறார்களாம்.

சுப்பராயலு மகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். கோதண்டபாணி விழுப்புரத்தில் கிளை திறந்திருக்கிறார். அவர் மகள் ஷாலினி கடைசிவரை ஏகாக்ராவில் படிக்கவில்லை, ஊட்டியில் படித்தாள். ஜெசிந்தா வேன் டிரைவர் தேவாவையே கட்டிக்கொண்டு செஞ்சிப் பக்கம் போய்விட்டதில் எங்களுக்குத்தான் பெரிய நஷ்டம். பள்ளிக்கூடத்துச் சேதி இப்போது ஒன்றும் வருவதில்லை.

தமிழ்மொழிக்கு 2018 ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை மணிமாறன், மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்துப் பையன், சொந்தமாகப் படகு. முகூர்த்த நேரத்தில் பெண்ணைக் காணோம். மாலையும் கழுத்துமாக மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டிக்காரரிடம் அது எப்படி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அம்சவள்ளி மண்டபம் முழுக்க ஓடித் தேடினார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாய்க்குள் பேசத் தொடங்கினார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வருவா, இருங்க" என்றார் மணிமாறன்.

மணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நல்ல நேரம் முடிய ஏழு நிமிடம் இருந்தபோது வந்தாள்.